அளவு நோட்டில் இல்லாத பெயர்

மே மாதக் கடைசியில் என் கடையில் நிற்க இடம் இருக்காது. விருதுநகரில் சீருடை தைக்கிற கடைகள் எத்தனையோ உண்டு. பெண் பிள்ளைகளுக்கு அளவெடுக்க ஒரு பெண் இருக்கிறாள் என்பதற்காகவே என்னைத் தேடி வருகிறவர்கள் நிறைய. பத்தொன்பது வருஷமாக இதே வேலை. சின்னப் பிள்ளைகள் ஓரிடத்தில் நிற்காது. கையைத் தூக்கச் சொன்னால் காலைத் தூக்கும், டேப்பைப் பிடித்து இழுக்கும். ஏழாவது, எட்டாவது வந்துவிட்டால் அதே பிள்ளைகள் அப்படியே மாறிப்போவார்கள். டேப் இடுப்பைச் சுற்றியதும் வயிற்றை உள்ளே இழுத்து மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். "மூச்சு விடு பாப்பா" என்றாலும் விடமாட்டார்கள். கண் மட்டும் பின்னால் நிற்கிற அம்மாவிடம் போய் வரும். அம்மா சொல்வார்: "ஒரு இன்ச் பிடிச்சே தைங்கக்கா. இவ இளைக்கணும், இளைச்சிருவா."

நானும் ரொம்ப நாள் அப்படியே பிடித்துத் தைத்துக் கொடுத்தேன். அளவைச் சத்தமாகச் சொல்கிற பழக்கமும் எனக்கு இருந்தது. டேப்பைப் பிடித்துக்கொண்டு "மார்பு முப்பத்தி நாலு, இடுப்பு முப்பத்தி ரெண்டு" என்று நான் சொல்ல, மேசைக்கு அந்தப் பக்கம் யாராவது உட்கார்ந்து நோட்டில் எழுதுவார்கள். கடையில் பத்துப் பேர் காத்திருப்பார்கள். பத்துப் பேர் காதிலும் அந்த எண் விழும். பல வருஷம் அப்படி எழுதியது என் மகள்தான். இரண்டாம் வகுப்பிலேயே எண்ணெல்லாம் அழகாக எழுதுவாள். தெருவில் இருக்கிற முக்கால்வாசிப் பெண் பிள்ளைகளின் அளவு அவள் கையெழுத்தில் இருக்கிறது.

பழைய அளவு நோட்டுகளை நான் தூக்கிப் போடுவதில்லை. பரணில் ஒரு அட்டைப்பெட்டி நிறைய இருக்கின்றன. ஒரே பிள்ளையை ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை வருஷா வருஷம் தேடி எடுத்துப் பார்க்கலாம். போன வருஷம் ஒரு நாள் உட்கார்ந்து அப்படித்தான் பார்த்தேன். ஏழாவதுக்கும் ஒன்பதாவதுக்கும் நடுவில் ஒரு பிள்ளையின் அளவுகூட இருந்த இடத்தில் இல்லை. சிலருக்கு வருஷத்தில் இரண்டு இன்ச் கூடியிருக்கிறது, சிலருக்கு நாலைந்து. சிலர் முதலில் வளர்ந்துவிட்டு அப்புறம் சதை போட்டிருக்கிறார்கள். சிலர் முதலில் சதை போட்டு, பிறகு உயரத்தில் அதைச் சரிசெய்திருக்கிறார்கள். வயதுக்கு வருகிற பருவத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் சுரந்து இடுப்பிலும் தொடையிலும் மார்பிலும் கொழுப்பைச் சேர்க்கிறது. சேர்க்கத்தான் வேண்டும். பதின்மூன்று வயதில் ஒரு பெண் பிள்ளையின் பாவாடை பத்தாமல் போனால், பெரும்பாலும் உடம்பு தன் வேலையைச் செய்கிறது என்றுதான் அர்த்தம். இது என் நோட்டில் பத்தொன்பது வருஷமாக எழுதிக் கிடந்தது. நான்தான் படிக்கவில்லை.

எடையே ஒரு பொருட்டில்லை என்று சொல்ல வரவில்லை. 2019–21இல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் அதிக எடை உள்ளவர்கள். அதற்கு முந்தைய ஆய்வில் அது 30.9 சதவீதம். வீட்டுக்கு வீடு சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை. என் அம்மாவுக்கு நாற்பத்தைந்து வயதில் சர்க்கரை வந்து, அறுபதில் கால் விரலை எடுத்தார்கள். அந்தப் பயம் எனக்குள் எப்போதும் உண்டு. பயந்தது தப்பில்லை. பயந்துகொண்டு என் மகளிடம் நான் நடந்துகொண்ட விதத்தைத்தான் எழுத வந்தேன்.

அவள் ஆறாவது படிக்கும்போது வயதுக்கு வந்தாள். என் மாமியார் அப்போது தெம்பாக இருந்தார். பதினாறு நாளும் விடியற்காலையில் வெறும் வயிற்றில் நாட்டுக்கோழி முட்டையை உடைத்து வாயில் ஊற்றுவார், அதே முட்டை ஓட்டில் நல்லெண்ணெய் அளந்து கொடுப்பார். அப்புறம் கருப்பட்டி போட்டுக் கிண்டிய உளுந்தங்களி, நடுவில் குழி பண்ணி எண்ணெய் ஊற்றியது. "தின்னு தாயி, இப்பத் தின்னாத்தான் இடுப்புக்குப் பலம்." அதுவரை சாயங்காலம் ஆனால் தெருவில் பாண்டி ஆடுவாள், தெப்பக்குளம் வரைக்கும் சைக்கிளில் போய்வருவாள். சடங்கு முடிந்ததும் அதெல்லாம் நின்றுபோனது. யாரும் கூடாது என்று ஒரு நாள் கூட்டி வைத்துச் சொல்லவில்லை, தானாக நின்றது. சைக்கிள் மாடிப்படிக்குக் கீழே போனது. ஒன்பதாவது வந்ததும் பள்ளியில் பி.டி. பீரியடையும் கணக்குக்கு எடுத்துக்கொண்டார்கள். காலை ஐந்தரைக்கு டியூஷன், சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ், ராத்திரி பதினொன்று வரை படிப்பு. தூக்கம் குறைந்தால் பசியைக் கிளப்புகிற கிரெலின் என்ற ஹார்மோன் கூடும், போதும் என்று சொல்கிற லெப்டின் என்ற ஹார்மோன் குறையும். அது எனக்கு அப்போது தெரியாது. தூங்காமல் படிக்கிறாளே என்று பூஸ்ட் கலந்து கொடுத்தேன்.

எட்டாவது படிக்கும்போதே பேச்சு ஆரம்பித்துவிட்டது. களி கிண்டிக் கொடுத்த அதே அப்பத்தா "கொஞ்சம் வாயைக் கட்டு தாயி" என்றார். பொங்கலுக்கு வந்த நாத்தனார் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "என்ன மதினி, இவ உங்களவிட ரெண்டு சுத்து பெருத்துட்டா" என்றார். அன்பான மனுஷிதான். வரும்போதெல்லாம் இவளுக்கென்று ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா வாங்கி வருவார். பெட்டியைக் கையில் கொடுத்துவிட்டு, "ஒண்ணு மட்டும் எடுத்துக்க" என்பார். நான் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நிற்பேன். சில சமயம் கூடச் சேர்ந்து தலையாட்டுவேன். தட்டில் மூன்றாவது தோசை விழும்போது நான் ஒன்றும் சொல்லமாட்டேன், பார்ப்பேன். அவ்வளவுதான். ஒரு அம்மாவின் பார்வைக்கு எத்தனை கனம் இருக்கிறதென்று பிறகுதான் தெரிந்தது.

பத்தாவது படித்த வருஷம் ஆண்டு விழா வந்தது. எந்தப் பள்ளி என்பது வேண்டாம். கிராமிய நடனத்துக்குப் பிள்ளைகளை எடுத்தார்கள். மகள் மூன்று வாரம் பழகினாள். ராத்திரி படித்து முடித்ததும் மொட்டை மாடியில் போய் ஆடிப் பார்ப்பாள், கீழே எனக்குக் காலடிச் சத்தம் கேட்கும். உடை தைக்கிற வேலை என்னிடம்தான் வந்தது. மெரூன் பாவாடை, பச்சைக் கரை, பச்சை ரவிக்கை. ஒரு நாள் கோடு போட்ட தாளில் பெயர்ப் பட்டியல் வந்தது. 12 பெயர். நான் இரண்டு தடவை எண்ணினேன். என் மகள் பெயர் இல்லை.

சாயங்காலம் கேட்டேன். "நான்தாம்மா வேணாம்னுட்டேன். படிக்கணும்ல" என்றாள். மறுநாள் அளவு கொடுக்க வந்த ஒரு பிள்ளை, டேப் தோளில் இருக்கும்போதே சொல்லிவிட்டது: "லைன் ஒரே மாதிரி இருக்கணும்னு அவளப் பின்னாடி நிக்கச் சொன்னாங்க ஆன்ட்டி. அப்புறம் வரவேற்புரை பேசச் சொல்லிட்டாங்க."

நான் பள்ளிக்குப் போகவில்லை. போய் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பன்னிரண்டு உடையையும் தைத்தேன். வேலை நெருக்கடி, ஆளில்லை. மகள் ராத்திரி என் பக்கத்தில் உட்கார்ந்து ஹெம்மிங் பண்ணினாள். பன்னிரண்டு ரவிக்கைக்கும் ஹூக் வைத்தது அவள்தான். குனிந்த தலை நிமிராமல் வைத்தாள். ஒரு ரவிக்கைக்கு ஆறு ஹூக். அந்தக் கணக்கு எனக்கு இன்னும் மனதில் ஓடும்.

அந்த வாரம்தான் ஒரு ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தேன். ஒரு மணி இருக்கும். அடுப்படியில் லைட் இல்லை, ஜன்னல் வழியாகத் தெருவிளக்கு வெளிச்சம் கொஞ்சம் விழுந்தது. சிலிண்டரை ஒட்டித் தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் எவர்சில்வர் சம்படம். அதன் மூடி இறுக்கம், திறந்தால் டங்கென்று வீட்டையே எழுப்பும். மூடியைச் சுற்றி என் அடுப்படித் துண்டு கிடந்தது. துண்டைப் போர்த்தித் திருகினால் சத்தம் வராது என்று அவள் கண்டுபிடிக்க எத்தனை ராத்திரி ஆகியிருக்கும்! சம்படத்தில் சாத்தூர் காராச்சேவு. அதை அவள் கடிக்கவில்லை. வாயில் போட்டுக் கொஞ்ச நேரம் ஊறவிட்டு, மெத்தென்று ஆனதும் விழுங்கினாள். கடிக்கிற சத்தம்கூடக் கேட்கக் கூடாதென்று. கண் எதிர்ச் சுவரில் இருந்தது. கை மட்டும் சம்படத்துக்கும் வாய்க்கும் போய்வந்தது. ருசித்துத் தின்கிறவள் முகம் இல்லை அது.

லைட்டைப் போட்டேன். "இப்படித் தின்னா எப்படிடி டான்ஸ்ல சேப்பாங்க?" என்றேன்.

அவள் சம்படத்தை மூடி, துண்டை மடித்து அடுப்புமேடையில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். அழவில்லை. மறுநாள் நான் தின்பண்டத்தையெல்லாம் எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

வயிற்றுப் பசிக்கும் இந்தப் பசிக்கும் உள்ள வித்தியாசத்தை இப்போது என்னால் சொல்ல முடியும். வயிற்றுப் பசி மெதுவாக வரும், பழைய சோறு இருந்தாலும் சரி என்று ஏற்றுக்கொள்ளும், நிறைந்ததும் அடங்கும். இன்னொன்று திடீரென்று வரும். அதற்குச் சேவுதான் வேண்டும், அல்லது சாக்லேட்தான் வேண்டும். நிறைந்தாலும் நிற்காது, முடித்ததும் அருவருப்பு வரும். மனம் நெடுநாள் நெருக்கடியில் இருக்கும்போது உடம்பில் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் கூடுகிறது. அது இனிப்பையும் எண்ணெயையும் தேடச் சொல்லும். தின்றால் கொஞ்ச நேரத்துக்கு ஆறுதலும் உண்மையாகவே கிடைக்கிறது. அதனால்தான் அடுத்த தடவையும் கை அங்கேயே போகிறது. இதைப் பேராசை என்றும் அடக்கம் இல்லை என்றும் சொல்வது அநியாயம். இந்தப் பாடத்தைச் சொல்லிக் கொடுத்தவர்களே நாம்தான். விழுந்த பிள்ளையைத் தூக்கி, தரையை இரண்டு அடி அடித்துக் காட்டி, கையில் மிட்டாய் கொடுத்து அழுகையை நிறுத்துகிறோம். ஊசி போட்டால் பிஸ்கட். அம்மா ஊருக்குப் போனால் கடலைமிட்டாய். "அழாதே, இந்தா" என்று பத்து வருஷம் பழக்கிவிட்டு, பதினைந்து வயதில் அந்தப் பிள்ளை தனக்குத் தானே "அழாதே, இந்தா" என்று கொடுத்துக்கொண்டால் குற்றவாளியைப் போலப் பார்க்கிறோம். அவளுக்கு அழ இடம் வேறு எங்கே இருந்தது? பள்ளியில் அழ முடியாது. என்னிடம் அழுதால், அதற்கு நான் பதில் வைத்திருந்தேன்: வாயைக் கட்டு.

பீரோவைப் பூட்டியது எந்த அளவுக்குத் தப்பு என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அமெரிக்காவில் லியான் பிர்ச் என்ற ஆய்வாளர் தன் குழுவோடு சேர்ந்து, பெண் குழந்தைகளையும் அவர்களுடைய அம்மாக்களையும் 5 வயது, 7 வயது, 9 வயது என்று தொடர்ந்து கவனித்தார். மதியச் சாப்பாடு வயிறு நிறையக் கொடுத்து, பசியில்லை என்று பிள்ளைகளே சொன்ன பிறகு, தின்பண்டமும் விளையாட்டுச் சாமானும் இருக்கிற அறையில் கொஞ்ச நேரம் தனியாக விடுவார்கள். வீட்டில் எந்தப் பிள்ளைக்குத் தின்பண்டத்தில் கெடுபிடி அதிகமோ, அந்தப் பிள்ளை பசியில்லாத நேரத்திலும் அதிகம் தின்றது. 5 வயதிலேயே எடை கூடுதலாக இருந்து, அதனாலேயே கெடுபிடியும் கூடுதலாகப் பட்ட பிள்ளைகளிடம்தான் 9 வயதில் இது மிக அதிகம். 2003இல் வந்த ஆய்வு அது. எங்கள் வீட்டிலும் அதேதான் நடந்தது. பூட்டு வந்த பிறகு பஸ் காசில் வாங்கித் தின்ன ஆரம்பித்தாள். ஷேர் ஆட்டோவுக்குக் கொடுத்த பத்து ரூபாயை வைத்துக்கொண்டு நடந்தே வருவாள். துவைக்கும்போது சீருடைக் கோட்டுப் பையில் சாக்லேட் தாள் நாலாக, எட்டாக மடித்திருக்கும். ஹூக் வைத்த கைக்கு மடிப்பும் நேர்த்தியாகத்தான் இருந்தது.

பத்தாவது பரீட்சை முடிந்து பதினொன்றாவது ஆரம்பித்தபோது, அவளே டயட் என்று தொடங்கினாள். எனக்குச் சந்தோஷம். காலையில் வெந்நீரில் எலுமிச்சையும் தேனும், மதியம் வெள்ளரிக்காய், ராத்திரி ஒன்றுமில்லை. டிபன் பாக்ஸைக் கூடப் படிக்கிறவர்களுக்குக் கொடுத்துவிடுவாள். திங்கள், செவ்வாய், புதன் ஓடும். ராத்திரி பசியோடு படுத்துக்கொண்டு போனில் எண்ணெய் பரோட்டா போடுகிற வீடியோ பார்ப்பாள். ஒன்று முடிந்தால் இன்னொன்று. சாப்பாட்டையே வெறுக்கிறேன் என்கிறவள் ஏன் மணிக்கணக்கில் பரோட்டா பார்க்கிறாள் என்று எனக்கு விளங்கவே இல்லை. 1944–45இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆன்சல் கீஸ் என்பவர் 36 இளைஞர்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார். எல்லாரும் திடகாத்திரமானவர்கள், தாங்களாகவே ஒப்புக்கொண்டு வந்தவர்கள். ஆறு மாதம் அரை வயிற்றுச் சாப்பாடு. எடையில் கால்வாசி போனது. போகப் போக அவர்களுக்குச் சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பே இல்லை. சமையல் புத்தகம் வாங்கிச் சேர்த்தார்கள், சாப்பாட்டைக் கனவு கண்டார்கள், எரிந்து விழுந்தார்கள், சோர்ந்து போனார்கள். சோதனை முடிந்து சாப்பாடு தாராளமாகக் கிடைத்தபோது எவ்வளவு தின்றும் போதவில்லை. வளர்ந்த ஆண்களுக்கே அந்தக் கதி. வளர்கிற பிள்ளைக்கு வெள்ளரிக்காய் எம்மாத்திரம்?

வியாழன் அல்லது வெள்ளி உடையும். வகுப்பில் யாராவது பிறந்த நாள் கேக் ஒரு துண்டு கொடுத்திருப்பார்கள். ஒரு துண்டுதான். ஆனால் நனைந்த பிறகு முக்காடு எதற்கு என்று அன்று ராத்திரி முழுக்கத் தின்பாள். இதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 1975இல் வந்த ஒரு ஆய்வில், கல்லூரிப் பெண்களுக்கு முதலில் மில்க் ஷேக் கொடுத்து, பிறகு ஐஸ்கிரீம் எவ்வளவு வேண்டுமானாலும் ருசி பார்க்கச் சொன்னார்கள். சாதாரணமாகச் சாப்பிடுகிறவர்கள் மில்க் ஷேக் குடித்திருந்தால் ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். எப்போதும் வாயைக் கட்டிக்கொண்டிருக்கிறவர்கள் மில்க் ஷேக் குடித்த பிறகு ஐஸ்கிரீமை இன்னும் அதிகம் தின்றார்கள். கட்டு அவிழ்ந்தாச்சு, இனி என்ன. "வாயைக் கட்டு" என்கிற சொல்லை எங்கள் வீட்டில் நாங்கள் இப்போது சொல்வதில்லை.

மாதவிலக்கு மூன்று மாதம் தள்ளிப்போனதும்தான் டாக்டரிடம் போனோம். ஸ்கேன் பார்த்து, சினைப்பையில் நீர்க்கட்டி என்றார்கள். நாங்கள் உட்கார்ந்த உடனே அந்த டாக்டர் அவளைப் பார்த்துச் சொன்ன முதல் வாக்கியம், "எடையக் குறைக்கலன்னா பின்னால குழந்தை பிறக்கறது கஷ்டம்." பதினாறு வயதுப் பிள்ளை. என்ன சாப்பிடுகிறாய், எப்போது தூங்குகிறாய், மனசு எப்படி இருக்கிறது என்று ஒரு கேள்வியும் இல்லை. வருகிற வழியில் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அன்று ராத்திரி என்ன நடந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கடைக்கு வருகிற ஒரு டீச்சரம்மாதான் மதுரையில் ஒரு மனநல ஆலோசகரைச் சொன்னார். என் கணவருக்கு விருப்பமில்லை. "தின்றதுக்கெல்லாமா மனநல டாக்டர்?" என்றார். நானே கூட்டிக்கொண்டு போனேன். அந்த அம்மா அரை மணி நேரம் மகளோடு மட்டும் பேசினார். அப்புறம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நான் டயட் சார்ட் எழுதிக்கொள்ள நோட்டும் பேனாவும் எடுத்து வைத்திருந்தேன். அவர் சொன்னது இதுதான்: "ஒரு மாசத்துக்கு அவ தட்டைப் பார்க்காதீங்க."

எடை பார்க்கிற மெஷினைப் பரணில் போடச் சொன்னார். பீரோவைத் திறந்து எல்லாவற்றையும் பழைய இடத்தில் வைக்கச் சொன்னார். மூன்று வேளையும் நேரத்துக்குச் சாப்பாடு, நாலரை மணிக்கு ஏதாவது, பட்டினி ஒரு வேளைகூடக் கூடாது என்றார். காலையிலும் மதியமும் ஒழுங்காகச் சாப்பிடாத உடம்பு ராத்திரி கேட்காமல் என்ன செய்யும் என்று கேட்டார். ராத்திரி தின்னத் தோன்றினால் தின்னலாம், ஆனால் அதற்கு முன்னால் அன்று நடந்ததை இரண்டு வார்த்தை எழுதிவிட்டுத் தின்னச் சொன்னார், மகளிடம். வாந்தி எடுக்கிறாளா என்று என்னிடம் தனியாகக் கேட்டார். தின்றதை வாந்தி எடுப்பது, நாள்கணக்கில் பட்டினி கிடப்பது, வாராவாரம் தன் கட்டுப்பாடே இல்லாமல் அளவு மீறித் தின்று மறைப்பது, இதெல்லாம் வீட்டில் பேசித் தீர்க்கிற விஷயம் இல்லை, மனநல மருத்துவர் பார்க்க வேண்டியது என்றார். அளவு மீறித் தின்பதைத் தனி நோயாகவே 2013இல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்ப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். மதுரை வரைக்கும் போக முடியாதவர்கள் 14416 என்ற எண்ணில், அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில், பேசலாம். காசு கிடையாது.

தட்டைப் பார்க்காமல் இருப்பது இத்தனை கஷ்டமா! பரிமாறுகிற கை தானாகச் சோற்றைக் குறைக்கும். சட்டியைப் பார்த்து, "எவ்வளவு எடுத்திருப்பாள்" என்று மனம் கணக்குப் போடும். முதல் வாரம் சம்படத்தில் போட்ட அரைக் கிலோ சேவு இரண்டு நாளில் காலி. எனக்கு வயிற்றைக் கலக்கியது. மதுரைக்குப் போன் பண்ணினேன். "திரும்ப வாங்கி நிரப்புங்க" என்றார் அந்த அம்மா. நிரப்பினேன். அதுவும் காலி. மறுபடி நிரப்பினேன். நாலாவது வாரமோ ஐந்தாவது வாரமோ, ஒரு நாள் சாயங்காலம் விருந்தாளிக்கு வைக்கலாம் என்று சம்படத்தைத் திறந்தேன். பாதிக்கு மேல் சேவு அப்படியே இருந்தது. ஒன்றை எடுத்து வாயில் போட்டேன். நமுத்துப் போயிருந்தது. எங்கள் வீட்டில் காராச்சேவு நமுத்துப் போய் நான் பார்த்ததே இல்லை. அடுப்படியில் நின்று அந்த நமுத்த சேவை மென்றுகொண்டே அழுதேன்.

அந்த இரண்டு வார்த்தை நோட்டை அவளாக ஒரு நாள் எனக்குக் காட்டினாள். ஒரு பக்கம் மட்டும். அவள் அனுமதியோடுதான் இங்கே எழுதுகிறேன்.

திங்கள் – பிசிக்ஸ் மார்க்.
செவ்வாய் – ஒண்ணுமில்ல.
புதன் – அத்தை வந்தாங்க.
வியாழன் – அம்மா பாத்தாங்க.
வெள்ளி – தூக்கம் வரல.
சனி – அம்மா பாத்தாங்க.

அதற்கு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. ரொம்ப நேரம் கழித்து, "அந்த டான்ஸ் விஷயத்துல நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது பாப்பா" என்றேன். நான் பேசியதைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. "பட்டியல்ல பேரு இல்லாதப்ப நீ ஏம்மா ஸ்கூலுக்கு வந்து கேக்கல?" என்றாள். ஒன்றரை வருஷம் அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். பின் வரிசையில் நிற்கச் சொன்னதைவிட, அது சரிதான் என்பதுபோல அம்மா பன்னிரண்டு உடையையும் தைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததுதான் அவளுக்குப் பெரிய காயம். "அவங்க சொன்னது நிசம்னு நீயும் நெனச்ச" என்றாள். ஆமாம், நினைத்தேன். அதை ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொண்டதும் அவள் என் மடியில் தலை வைத்து அழுதாள். பத்து நிமிஷம் இருக்கும். கையில் எதையும் கொடுத்து நிறுத்தவில்லை. அழட்டும் என்று விட்டேன்.

நாத்தனாரிடம் நான்தான் பேசினேன். "அவ உடம்பைப் பத்தி நல்லதோ கெட்டதோ ஒண்ணும் சொல்லாதீங்க" என்றேன். முகம் சுருங்கியது. "நல்லதுக்குத்தான மதினி சொன்னேன்" என்றார். தெரியும் என்றேன். இரண்டு பொங்கல் போய்விட்டது. இப்போது வந்தால் படிப்பைக் கேட்கிறார், ஹாஸ்டல் சாப்பாடு நன்றாக இருக்கிறதா என்று கேட்கிறார். அவருக்கும் அது சிரமமாகத்தான் இருந்திருக்கும். வேறு எதைப் பேசுவதென்று தெரியாமல்தான் நாம் பிள்ளைகளின் உடம்பைப் பேசிவிடுகிறோம். வாசலில் வைத்துப் பேச சுலபமான விஷயம் அது.

எடை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். இதைப் படித்துப் பார்த்துவிட்டு மகள் இரண்டு இடத்தை எடுக்கச் சொன்னாள். ஒன்று அந்த எண். அது அவளுடையது, அவளிடமே இருக்கட்டும். மாதவிலக்கு பெரும்பாலும் ஒழுங்காக வருகிறது. ஹாஸ்டலில் சாயங்காலம் ஷட்டில் ஆடுகிறாள். பரீட்சை நேரத்தில் இப்போதும் ராத்திரி தின்னத்தான் செய்கிறாள். போனில் சொல்லுவாள், "இன்னைக்கு ஒரு பாக்கெட் முழுசா தின்னுட்டேம்மா." என்ன நடந்தது என்று கேட்பேன். சொல்லுவாள். சில நாள் நான் பழைய புத்தியில், "ஒரு பாக்கெட் முழுசுமா?" என்று கேட்டுவிடுவேன். "ம்மா" என்பாள். நிறுத்திக்கொள்வேன்.

இந்த மே மாதம் லீவுக்கு வந்திருந்தாள். கடையில் கூட்டம். நான் வெட்டும் மேசையில் இருந்ததால் டேப்பை அவள் எடுத்துக்கொண்டாள். ஒன்பதாவது போகிற பிள்ளை ஒன்று, அம்மாவோடு வந்திருந்தது. இடுப்பில் டேப் சுற்றியதும் வழக்கம்போல மூச்சைப் பிடித்துக்கொண்டது. என் மகள் மூச்சு விடச் சொல்லவில்லை. டேப்பைத் தளர்வாகப் பிடித்தபடியே, "ஒன்பதாவதுக்கு மேத்ஸ் யாரு வர்றாங்க? நாங்க படிக்கிறப்ப ஒரு மிஸ் இருந்தாங்க, சாக்பீஸ எறிவாங்க" என்று பேச ஆரம்பித்தாள். அந்தப் பிள்ளை சிரித்தது. சிரிக்கும்போது வயிறு தளர்ந்து டேப்பில் வந்து உட்கார்ந்தது. மகள் எண்ணைப் பார்த்தாள். வாய்விட்டுச் சொல்லாமல், நோட்டை இழுத்துத் தானே எழுதிக்கொண்டாள்.

"ஒரு இன்ச் பிடிச்சே தைக்கச் சொல்லும்மா" என்றார் அந்த அம்மா.

"இருக்கிற அளவுக்குத் தைச்சிரலாம் ஆன்ட்டி. உள்ள ரெண்டு இன்ச் துணி விடுறோம், வளர்ற பிள்ள" என்றாள்.

நான் கத்திரியைக் கீழே வைத்துவிட்டு, அந்த நோட்டில் துணி விட வேண்டிய அளவைக் குறித்துக்கொண்டேன்.